மதினி சொன்னது பூட்ஸைப் பற்றி

கேள்வி: அக்காவின் ரிசப்ஷனுக்கு ரோஸ் நிறத்தில் பூப்போட்ட ஜார்ஜெட் கவுன், மேலே கறுப்பு ரெக்ஸின் ஜாக்கெட், ஆணி வைத்த பெல்ட், கெண்டைக்கால் வரை ஏறும் பூட்ஸ் போட்டிருந்தேன். போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் மதினி, "ஏட்டி, பூப்போட்ட கவுனுக்குப் போலீஸ் பூட்ஸா? காலே தெரியலயே" என்றார். தோழி, "ஜாக்கெட்டு கவுனையே முழுங்கிட்டு" என்றாள். மாமா மகன் அந்தப் போட்டோவை ஸ்டிக்கராக்கி, மேலே என் நிறத்தை எழுதி, மூன்று வாரமாக நான் எது பேசினாலும் பதிலுக்கு அதையே போடுகிறான். எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் புல்லியிங் செய்கிறார்கள். கண்டித்து எழுதுங்கள். மென்மையான உடையோடு முரட்டுச் சாமான்களைச் சேர்ப்பது எப்படி என்றும் சொல்லுங்கள்.
(கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: மூன்று பேரையும் ஒரே கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். இரண்டு பேரை இறக்கிவிடுங்கள்.

மதினி சொன்னது அபிப்பிராயம். தோழி சொன்னதும் அதுதான். உங்களுக்கு முகம் வாடியிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முகம் வாடிய இடத்திலெல்லாம் புல்லியிங் நடந்ததாக அர்த்தமில்லை. பள்ளிப் பிள்ளைகளிடையே இந்தக் கொடுமையை 1970-களிலேயே முறையாக ஆராய்ந்தவர், நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ். அவர் வைத்த அளவுகோல் மூன்று: நோகடிக்கவேண்டும் என்ற நோக்கம், திரும்பத் திரும்ப நடப்பது, எதிராளி தடுக்க முடியாதபடி பலத்தில் ஏற்றத்தாழ்வு. மதினி ஒரே ஒரு தடவை, உங்களிடமே, பூட்ஸைப் பற்றிச் சொன்னார். மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

ஏச்சு, கேலி, நக்கல், குத்தல், சீண்டல், வம்பு என்று ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் தனிச்சொல் இருக்கிறது. மதினி செய்தது கேலியாகக் குறை சொன்னது. அது பிடிக்காவிட்டால், "மதினி, குரூப்புல வச்சுச் சொல்லாதீங்க, எங்கிட்டத் தனியாச் சொல்லுங்க" என்றால் தீர்ந்தது.

நான் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அவர்கள் சாதி சொல்லித் தொடர்ந்து துன்புறுத்துவதை அவன் பள்ளியில் சொல்லியிருந்தான். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்து வெட்டினார்கள். நோக்கம், தொடர்ச்சி, பலத்தில் ஏற்றத்தாழ்வு மூன்றும் அங்கே இருந்தன. அப்படி ஒரு பிள்ளை வந்து "என்னைப் புல்லி பண்றாங்க" என்று சொல்லும்போது, கேட்கிற டீச்சர் எழுந்து நிற்க வேண்டும். பூட்ஸுக்கும் அதே சொல், சாதிக்கும் அதே சொல் என்று ஆகிவிட்டால், "பிள்ளைக இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் இதைத்தான் சொல்லுதுக" என்று அவர் நோட்டைத் திருத்தப் போய்விடுவார்.

இனி மாமா மகன். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் இந்த மூன்றாவது விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. உடையை மாற்றிக்கொள்ளலாம், நிறத்தை மாற்ற முடியாது. மூன்று வாரமாக, நீங்கள் வாய் திறக்கும்போதெல்லாம், உறவுக்காரர் எல்லோரும் பார்த்துச் சிரிக்கும் இடத்தில் அதைப் போடுகிறான். இதற்கு அந்தச் சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். "இந்த ஸ்டிக்கரை இனிமேல் போடாதே, அழித்துவிடு" என்று அவனுக்குத் தனியாக, எழுத்தில், ஒரே தடவை அனுப்புங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், பிறகு "சொல்லவே இல்லை" என்பான். தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மறுபடி போட்டால் குரூப் அட்மினிடமும் மாமாவிடமும் அதைக் காட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது. சொந்தக்காரப் பையன் என்று விழுங்கிக்கொள்ளாதீர்கள்.

உடைக்கு வருகிறேன். மதினியும் தோழியும் சொன்னது இரண்டும் சரி. புல்லியிங் என்று ஒதுக்கியதில் நல்ல யோசனை இரண்டை இழந்திருக்கிறீர்கள்.

பைக் ஓட்டுகிறவர்களுக்காகத் தைத்தது அந்த மாதிரி ஜாக்கெட். வேலைத்தளத்துக்கும் படைக்கும் செய்தது அந்த பூட்ஸ். முரடு பூவின் பக்கத்தில் நிற்பதில்தான் அழகு, ஆகவே பூ தெரிய வேண்டும். கவுன் முக்கால் பங்கு, முரடு கால் பங்கு. ஜாக்கெட், பெல்ட், பூட்ஸ் மூன்றையும் ஒரே நாளில் போட்டதில் கவுன் காணாமல் போய்விட்டது. இரண்டு போதும்.

கவுன் கெண்டைக்காலில் முடிந்து, பூட்ஸும் அங்கேயே தொடங்கினால் நடுவே தோல் தெரியாது. கால் குட்டைக் கட்டையாகத் தெரியும். "காலே தெரியலயே" என்றது இதைத்தான். கணுக்காலோடு முடிகிற பூட்ஸ் வாங்குங்கள். கவுன் ஓரத்துக்கும் பூட்ஸ் வாய்க்கும் நடுவே மூன்று அங்குலமாவது கால் தெரியட்டும். திருநெல்வேலி வெயிலுக்கு, தடித்த அடி வைத்த கறுப்பு வார்ச்செருப்பே அதைவிட மேல்.

ஆணி பெல்ட் ஜார்ஜெட்டுக்கு ஆகாது. ஆணிமுனை நூலை இழுத்துவிடும், கனம் இடுப்புத் தையலைக் கீழே தொங்கவிடும். ஆணியில்லாத ஓர் அங்குல பெல்ட் எடுத்து, கவுனின் இரு பக்கத் தையலிலும் நூலால் சிறு வளையம் பின்னி அதில் கோத்துக்கொள்ளுங்கள். கழுத்துக்கும் காதுக்கும் கறுத்த ஆக்சிடைஸ்டு வெள்ளி பொருத்தமாக இருக்கும். கையில் கலர் கயிறு மட்டும் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்தில் அது ஃபேஷனாக நிற்பதில்லை, சாதி அடையாளமாகப் படிக்கப்படுகிறது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கை, பள்ளிகளில் அதைத் தடை செய்யச் சொன்னது.

ஜாக்கெட் இடுப்புத் தையலோடு முடிய வேண்டும். இடுப்பைத் தாண்டி இறங்கினால் தோழி சொன்னபடி கவுனை விழுங்கிவிடும். ரெக்ஸின் ஜாக்கெட்டை வெட்டித் தைக்கக் கொடுக்காதீர்கள். பிரித்த இடத்தில் ஊசி ஓட்டை அப்படியே நிற்கும். வேர்வையிலும் சூட்டிலும் மேல்தோலும் உரியும். பழைய, மெல்லிய ஜீன்ஸ் ஜாக்கெட் ஒன்று எடுங்கள். கவுனைப் போட்டுக்கொண்டு, கழுத்தோரத் தோள் தையலிலிருந்து இடுப்புத் தையல் வரை அளக்கச் சொல்லுங்கள். 15 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கெட்டின் அடிப்பட்டி ஒன்றரை அங்குலம் இருந்தால், முதலில் பட்டியைப் பிரித்தெடுத்துவிட்டு, உடலை 14 அங்குலத்தில் வெட்ட வேண்டும்: பதின்மூன்றரை உடலுக்கு, அரை தையலுக்கு. பிறகு அதே பட்டியைச் சுற்றளவுக்குத் தக்கபடி சரிசெய்து திரும்ப வைக்கலாம். வெட்டும் கோடு ஏதாவது பட்டன்மேல் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வெட்டட்டும். துணி மடிந்து கனக்கிற இடத்தில் 16-ஆம் நம்பர் ஊசி போடாவிட்டால் தையல் தாவும்.

போடுவதற்கு முன்னால் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஜாக்கெட்டின் அக்குளில் பத்துத் தடவை தேயுங்கள். நீலம் ஒட்டினால், வேர்வை பட்டதும் அதே நீலம் ரோஸ் கவுனில் இறங்கும், பிறகு போகாது. உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி, நிழலில் காயப்போட்டு, மறுபடி கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டை வெள்ளையாக வரும்வரை அந்தக் கவுனோடு அதைச் சேர்க்காதீர்கள்.