தொடக்க வடிவமைப்புப் படம் சிக்கலாக இருந்தால் நிரலின் தரம் கெடுமா?

கெடும். ஆனால் படத்தில் எத்தனை கட்டங்கள் (நிரலின் பகுதிகள்) என்று எண்ணிப் பயனில்லை. ஒரே கட்டத்தின் மேல் எத்தனை கோடுகள் (மற்றப் பகுதிகளோடு உள்ள தொடர்புகள்) வந்து விழுகின்றன என்று பாருங்கள்.

காட்பாடியில் இருந்துகொண்டு சிறு தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கிறேன். 2018இல் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலைக்குச் சரக்குக் கணக்கு செய்தேன். யூஎம்எல் (மென்பொருள் வடிவமைப்பை வரையும் பொதுக் குறிமுறை) படத்தில் 16 கட்டங்கள், ஒரே தாளில் அடங்கின. நடுவில் ‘லாட்’, அதாவது ஒன்றாகக் கணக்கில் வரும் தோல் தொகுதி. கொள்முதல், ரசாயனச் செலவு, வேலைக்கூலி, தரம் பிரித்தல், விற்பனை என்று 11 கோடுகள் அதன்மேல் விழுந்தன. எல்லாம் ஓரிடத்தில் இருக்கிறதே என்று எனக்குப் பெருமை வேறு!

பச்சைத் தோல் உள்ளே வரும்போது உருப்படிக் கணக்கு. முடித்த தோல் வெளியே போகும்போது சதுர அடிக் கணக்கு. இடையில் வெட் புளூ (குரோமியத்தில் பதனிட்ட ஈரத் தோல்) நிலையில் தரம் பிரித்தால் ஒரு லாட் மூன்றாக உடையும். என் படத்தில் அது உடையவே உடையாது. “லாட் உடையாது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள் சார்?” என்று அங்கிருந்த மேஸ்திரி கேட்டபோது பாதி நிரல் எழுதி முடித்திருந்தேன். பிறகென்ன, போன இடமெல்லாம் ‘இது உடைந்த லாட்டா?’ என்று ஒரு நிபந்தனை. ஆய்வாளர் மெக்கேப் 1976இல் சொன்ன கிளைக் கணக்கில் (நிபந்தனைகளால் நிரல் எத்தனை வழிகளாகப் பிரிகிறது என்ற எண்ணிக்கை) ஒரு செயற்கூறுக்கு, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்கு, 10 வரை தாங்கும். என்னுடைய இருப்புச் செயற்கூறு 30ஐத் தாண்டியது. ஓரிடத்தில் தொட்டால் வேலைக்கூலிப் பட்டியல் தப்பாக வரும்.

கிளைகளை எண்ண நிரல் கையில் இருக்க வேண்டும். பிணைப்பை, அதாவது அந்தக் கோடுகளை, எண்ணப் பெரும்பாலும் படமே போதும். ஒரு வகுப்பு (படத்தில் ஒரு கட்டம்) எத்தனை வகுப்புகளோடு பிணைந்திருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் சிதம்பரும் கெமரரும் 1994இல் வெளியிட்ட அளவீடுகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். அந்த 11ஐ முதல் நாளே எண்ணியிருக்கலாம், எண்ணவில்லை.

அதே மென்பொருளில் இன்னொரு தவறும் செய்திருந்தேன். வாடிக்கையாளர் எண்ணின் தொடக்கத்தில் மாவட்டக் குறி. எங்கள் வட்டாரத்தில் மாவட்டத்தை நம்பலாமா? 1989இல் வட ஆற்காடு பிரிந்தது, 2019இல் வேலூரும் மூன்றானது. ஆம்பூர்க்காரர்கள் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனார்கள், தொழிற்சாலையே ராணிப்பேட்டை மாவட்டமாகிவிட்டது. ஆனால் மாவட்டக் கட்டத்துக்கு ஒரே கோடுதான். அரை நாளில் சரிசெய்துவிட்டேன். லாட்டைச் சரிசெய்ய நான்கு மாதம் பிடித்தது, கூலி வாங்காமல்.

லாட்டை மூன்று கட்டங்களாகப் பிரித்து, உடைந்த லாட்டுக்குத் தாய் லாட் எது என்று ஒரு தொடர்பும் கொடுத்தேன். இப்போது படத்தில் கட்டங்கள் கூடிவிட்டன. ஒரு தாளில் அடங்கவில்லை, பார்க்கவும் அழகில்லை. அதிகக் கோடுகள் விழும் கட்டத்தில் நான்குதான்.