உருண்டை மேல் சராசரி: வாசகர் கேள்விகள்

கேள்வி: இரண்டு இடங்களின் நடுப்புள்ளி வேண்டும்: 179 டிகிரி கிழக்கு, 179 டிகிரி மேற்கு. மேற்கை மைனஸாக எழுதுகிறேன், சராசரி தீர்க்கரேகை 0 என்று வருகிறது. மைனஸ் எண்ணோடு 360 கூட்டிவிட்டால் சரியாகிவிடும்தானே?

பதில்: இந்த 360 வைத்தியத்தைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கூட்டினால் 179-ம் 181-ம் சேர்ந்து 180 வரும், சந்தோஷம். அப்புறம் 1 டிகிரி கிழக்கும் 1 டிகிரி மேற்கும் வரும். 1-ஐயும் 359-ஐயும் கூட்டி வகுத்து, அதே நிரல் உங்களைப் பூமியின் மறுபக்கத்தில் இறக்கிவிடும். எண்கள் திடீரெனத் தாவும் கோட்டை இடம் மாற்றலாம், ஒழிக்க முடியாது. சரி, தீர்க்கரேகைக்கு எப்படியோ ஒட்டுப்போட்டீர்கள், அட்சரேகையை என்ன செய்வீர்கள்? 60 டிகிரி வடக்கில் இரண்டு புள்ளிகள், தீர்க்கரேகை 0-ல் ஒன்று, 90-ல் ஒன்று. உங்கள் கணக்கில் நடுப்புள்ளியும் 60 வடக்கிலேயே இருக்கும். உண்மையான நடுப்புள்ளி ஏறக்குறைய 68 வடக்கு. 850 கிலோமீட்டருக்கு மேல் பிழை! கோணங்களைக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு புள்ளியையும் அலகு வெக்டராக்கி (பூமியின் மையத்திலிருந்து அந்தப் புள்ளியை நோக்கும், நீளம் 1 உள்ள அம்பு), எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் தனித்தனியே கூட்டி, வந்த வெக்டரின் திசையைத் திரும்பக் கோணமாக்குங்கள். கணக்கு முழுவதும் டிகிரியில் அல்ல, ரேடியனில்.

கேள்வி: வெக்டர் முறையில்தான் செய்தேன். விடை எங்கோ கடலுக்குள் விழுகிறது. நிரல் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: சரியாக இருந்தால் ஏன் எழுதுகிறீர்கள்? ரேடியனாக மாற்றினீர்களா, திரும்பக் கோணமாக்கும் சார்பு ஏடானா (atan) ஏடான்2-ஆ (atan2), எதையும் சொல்லவில்லை. வெறும் ஏடானுக்குத் திசை எந்தக் கால்வட்டத்தில் இருக்கிறது என்று தெரியாது. இரண்டும் சரி என்றால் விடையும் சரியாகவே இருக்கலாம். கரையோரப் புள்ளிகளின் சராசரி கடலில் விழக்கூடாது என்று யார் சொன்னது?

கேள்வி: கூட்டுத்தொகையைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்த சராசரி வெக்டர் கோளத்துக்கு உள்ளே நிற்கிறதே, அதன் நீளத்தால் வகுக்க வேண்டுமா?

பதில்: ஏடான்2-க்குத் தேவையில்லை. ஆனால் நீளத்தைத் தூக்கி எறியாதீர்கள். 1-ஐ ஒட்டி இருந்தால் புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன. 0-ஐ நெருங்கினால் விடையை நம்பாதீர்கள்.

கேள்வி: நிலநடுக்கோட்டில் 0, 120, 240 டிகிரி. சராசரி எங்கே?

பதில்: எங்கும் இல்லை. கணினி ஏதோ ஓர் இடத்தைக் காட்டும், அது தசமப் பிழையின் மிச்சம். நீளத்தைப் பாருங்கள் என்று இதற்குத்தான் சொல்கிறேன்.

கேள்வி: வெக்டர் சராசரியும், மேற்பரப்புத் தூரங்களின் வர்க்கக் கூட்டுத்தொகையைக் குறைக்கும் புள்ளியும் ஒன்றுதானா?

பதில்: நல்ல கேள்வி. இரண்டே புள்ளிகள் என்றால் ஒன்றுதான். நிலநடுக்கோட்டில் 0, 0, 90 என்று மூன்று வையுங்கள்: வெக்டர் முறை 26.6 தரும், மற்றது 30. முதலாவது கோளத்தைத் துளைத்துப் போகும் நேர்கோட்டுத் தூரத்தைப் பார்க்கிறது, இரண்டாவது வில்லின் நீளத்தை. வில்லுக்கு நேரடிச் சூத்திரம் கிடையாது. வெக்டர் விடையில் தொடங்கி, படிப்படியாகத் திருத்திப் போக வேண்டும்.

கேள்வி: எல்லாப் புள்ளிகளும் ஒரே ஊருக்குள். இத்தனையும் தேவையா?

பதில்: இல்லை. துருவமும் 180-ம் பக்கத்தில் இல்லாதவரை நேராகச் சராசரி எடுங்கள்.

கேள்வி: என் தரவில் எதிரெதிர்த் திசைகள் இரண்டும் ஒரே அச்சைத்தான் குறிக்கின்றன.

பதில்: கூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒவ்வொரு வெக்டரையும் அதனோடே பெருக்கி வரும் 3×3 அணிகளைக் கூட்டி, வந்த அணியின் மிகப்பெரிய ஐகன் மதிப்புக்குரிய வெக்டரை எடுங்கள் (அந்த அணி திசை மாற்றாமல் மிக அதிகமாக நீட்டும் வெக்டர்).