வீல்சேர் பையனை ரயிலில் வேலூர் கூட்டிப் போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. டூசென் தசைச்சிதைவு நோய். வீல்சேரில்தான் இருக்கிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரையிலிருந்து வேலூருக்குப் பரிசோதனைக்குப் போகிறோம். ஒவ்வொரு முறையும் வாடகைக் காருக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. ரயிலில் போகலாமா? கட்டணச் சலுகை கிடைக்குமா?

பதில்: தாராளமாகப் போகலாம். காரில் மணிக்கணக்காக மடங்கி உட்காருவதைவிட ரயிலில் காலை நீட்டிப் படுத்து வருவது அவனுக்கு நல்லது. காலையில் தலைவலியோடு எழுகிறான், மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால் மட்டும் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சலுகைக்கு வருவோம். நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்காது. ரயில்வேயின் நோயாளிகள் பட்டியலில் புற்றுநோய், தலசீமியா போன்றவை உண்டு; தசைச்சிதைவு இல்லை. மாற்றுத்திறனாளி என்ற வழியில்தான் போக வேண்டும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம் தள்ளுபடி. துணைக்கு வரும் உங்களுக்கும் அதேதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊனச் சதவீதம் எழுதிய சான்று மட்டும் போதாது. ரயில்வேயின் சொந்தப் படிவத்தில், ‘துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர்’ என்று அரசு மருத்துவர் சான்று தர வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் பையன் வீல்சேரில் கண்முன்னே உட்கார்ந்திருந்தாலும் சலுகை இல்லை. அதனால் கையெழுத்து வாங்கியதும் அங்கேயே நின்று அந்த வரியைப் படித்துப் பாருங்கள். முத்திரையும் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். தசைச்சிதைவு நோயை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே இயலாமை என்று ஒப்புக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிப் படிவம், 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுச் சான்று! இந்த நோய் ஐந்து ஆண்டில் குணமாகிவிடுமா என்ன? யாராவது யோசிக்க வேண்டாமா?

அந்தச் சான்றை வைத்து ரயில்வேயின் திவ்யாங்ஜன் (மாற்றுத்திறனாளி) இணையதளத்தில் அடையாள அட்டைக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று வருபவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அட்டை வந்தபின் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் முன்பதிவு செய்து, கீழ்ப் படுக்கையை அவனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் நடைபாதை குறுகல், வீல்சேர் போகாது. தூக்கித்தான் ஆக வேண்டும். உதவிக்கு வருபவர்கள் அவசரத்தில் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள். அப்படித் தூக்க விடாதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் தோள் தசை வலுவிழந்திருப்பதால் உடம்பு அப்படியே நழுவிக் கீழே போய்விடும். ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஒரு கை தொடைக்கு அடியில். அல்லது கெட்டியான போர்வையில் கிடத்தி இரண்டு பேர். ஸ்டீராய்டு மாத்திரையைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்; திடீரென்று நிறுத்தக் கூடாத மருந்து அது.

இறங்க வேண்டியது காட்பாடி. அப்புறம்தான் எனக்குக் கவலையே. இந்தக் குடும்பங்களைத் தேடி வரும் தரகர்கள் இருக்கிறார்கள். ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பான், சில லட்சம்தான்’ என்பார்கள். தசைச்சிதைவுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் நம் நாட்டில் இல்லை. ஆய்வு என்று சொன்னாலும், ஆய்வில் சேரும் நோயாளியிடம் பணம் வாங்குவது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதலுக்கு விரோதம். நிலத்தை விற்றுக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பையன் நடக்கவில்லை. பணம் கேட்கிறார்களா, எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த முறை போகும்போது இதயப் பரிசோதனை, மூச்சுத்திறன் பரிசோதனை, பிசியோதெரபி எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். எக்கோ என்னும் இதய ஸ்கேனை மதுரையிலேயே எடுத்து வரலாமா என்றும் கேளுங்கள். சரி என்றுவிட்டால் அங்கே தங்கும் நாளும் செலவும் குறையும்.