புதுக் கம்பெனியின் சிறிய .32 பிஸ்டலா, பழைய அஷானியா?

வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் வாங்கியாச்சு, புதுக் கம்பெனி பிஸ்டல் கைக்கு அடக்கமாக இருக்கிறது, எடுக்கலாமா என்கிறீர்கள்.

9 எம்எம் தோட்டா அளவு சாதாரண லைசென்ஸுக்குக் கிடையாது என்பதால் போட்டி .32 (அதாவது 0.32 அங்குல) அளவுக்குள்தான். அதில் பழைய ஆள், இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் அஷானி. அழகில் சுமார்தான் (என் கண்ணுக்கு).

எடையும் நீளமும் விளம்பரத்துக்கு. நான் பார்ப்பது உதிரிபாகம்: மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு), ஸ்பிரிங், ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி). இவற்றை நம்மூர் லோக்கல் லேத்தில் செய்துகொள்ள முடியாது. உரிமம் பெற்ற ஆயுதக் கடையில்தான் பழுது பார்க்க வேண்டும். அதற்குச் சென்னை வரை 140 கி.மீ. போக நேரிடலாம்.

இன்னொன்று, பிஸ்டல் சிறிதானால், சுடும்போது ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல் பாகம்) பின்னே போய்வரும் தூரமும் குறையும். தோட்டா சிக்க வாய்ப்பு கூடும். இங்கே கிடைக்கும் அரசுத் தொழிற்சாலைத் தோட்டாவில் சோதித்தார்களா என்று டீலரிடம் கேளுங்கள். மழுப்பினால் அஷானியே போதும்.