அனுமதி இல்லை என்றால் அடிக்கலாமா?

(போராட்டம், போலீஸ், பேச்சுரிமை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்)

கேள்வி: விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து கலெக்டர் அலுவலகம் முன்பு உட்கார்ந்து கோஷம் போட்டோம். திடீரென்று லத்தியால் அடித்துக் கலைத்தார்கள். என் கை வீங்கிவிட்டது. கேட்டால், "பெர்மிஷன் வாங்கினீங்களா?" என்கிறார் இன்ஸ்பெக்டர். - கல்லூரி மாணவி, மதுரை

பதில்: நீங்கள் அனுமதி வாங்காதது குற்றம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு வழக்குப் போடலாம், கோர்ட்டில் நிறுத்தலாம். அடிப்பதற்கு அது காரணம் ஆகாது. கூட்டத்தைக் கலைப்பது பற்றிப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஆவது பிரிவு (பழையதில் 129) பேசுகிறது. முதலில் கலைந்து போகும்படி உத்தரவிட வேண்டும். மறுத்தால்தான் பலம், அதுவும் கலைக்கிற அளவுக்கு. எழுந்து ஓடுகிறவரைத் துரத்திப் போய் முதுகில் போட்டால் அதற்குப் பெயர் கலைப்பதா? இந்தக் கேள்வியைக் குறுக்கு விசாரணையில் பல அதிகாரிகளிடம் கேட்டிருக்கிறேன். "மினிமம் ஃபோர்ஸ் சார்" என்பார்கள். மருத்துவர் எழுதிய காயக் குறிப்பு வேறு கதை சொல்லும்.

2011 ஜூன் 4 நள்ளிரவு, டெல்லி ராம்லீலா மைதானத்தில் பாபா ராம்தேவின் ஆதரவாளர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது போலீஸ் உள்ளே புகுந்து கண்ணீர்ப்புகை வீசியது. அன்றிரவுதான் அனுமதியை ரத்து செய்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தானாகவே எடுத்து, 2012இல் போலீஸின் செயலைக் கண்டித்தது. தூங்குகிறவர்களால் பொது அமைதிக்கு என்ன ஆபத்து? ராம்தேவ் தரப்பையும் விடவில்லை. இழப்பீட்டில் 25 சதவீதத்தை அவர்கள் தலையில் கட்டியது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. நம் பக்கம் தூத்துக்குடியில் 2018 மே 22, 23 தேதிகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையமும் போலீஸ் வரம்பு மீறியது என்றுதான் சொன்னது.

சரி, உங்கள் கைக்கு வருவோம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய், 'போலீஸ் லத்தியால் அடித்தது' என்று மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 'கீழே விழுந்தேன்' என்று பயத்தில் சொல்லிவிட்டால் அப்புறம் எந்த வக்கீலாலும் காப்பாற்ற முடியாது. ஏ.ஆர். காப்பியை, அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும்.

கேள்வி: எங்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்து, சாப்பாடு போட்டு, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். இது கைதா, விருந்தா? - பெயர் வேண்டாம், சேலம்

பதில்: வாசலைத் தாண்டிப் போக விட்டார்களா? இல்லையென்றால் அது காவல்தான், சாம்பார் சாதம் போட்டாலும். காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் மாஜிஸ்திரேட் இல்லாமல் வைத்திருக்க முடியாது. கைது செய்கிறவர் சட்டையில் பெயர்ப் பட்டை தெரிய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996லேயே சொல்லியாகிவிட்டது. பந்தோபஸ்துக்கு வரும்போது அந்தப் பட்டை சிலருக்கு எங்கேயோ காணாமல் போய்விடுகிறது! அப்படி இருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

கேள்வி: பேச்சுரிமை என்றால் ஆட்சியில் இருப்பவர்களை வாய்க்கு வந்தபடி திட்டலாமா? - ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்

பதில்: திட்டலாம், சார். வாய்க்கு வந்தபடி என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம். அவதூறு வழக்கு வரலாம். இன்னாரை வெட்டு, இன்ன சாதிக்காரன் வீட்டைக் கொளுத்து என்றால் உரிமை அங்கேயே முடிந்தது. காதுக்குக் கசப்பாக இருப்பது மட்டும் குற்றமாகிவிடாது.

இந்திரா காந்தி சுடப்பட்ட 1984 அக்டோபர் 31 அன்றே, சண்டிகரில் ஒரு சினிமா தியேட்டர் முன்னால் இரண்டு அரசு ஊழியர்கள் காலிஸ்தான் வாழ்க என்று கோஷம் போட்டார்கள். அதைவிட மோசமான நாளும் கோஷமும் கிடைக்குமா? தேசத் துரோக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995இல் இருவரும் விடுதலை ஆனார்கள். ஓரிரு முறை கத்தினார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை, ஒரு கலவரமும் நடக்கவில்லை என்பதுதான் நீதிமன்றம் பார்த்த விஷயம். கட்டண உயர்வுக்கு 'ஒழிக' போட்டவர்கள் மேல் வழக்கு எழுதும் எழுத்தர்கள் யாராவது அந்தத் தீர்ப்பைப் படித்தால் தேவலை.

கேள்வி: 144 போட்டுவிட்டால் வாயையே திறக்கக் கூடாதா? - வாசகி, கோவை

பதில்: புதிய சட்டத்தில் இப்போது அது 163ஆவது பிரிவு. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, நானும்தான். நியாயமான கருத்தையும் எதிர்ப்பையும் அடக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உத்தரவை வெளியிடவும் வேண்டும். ஆகவே "144 இருக்கு, கிளம்பு" என்று யாராவது சொன்னால், நகலைக் கேளுங்கள். அதில் தேதியைப் பாருங்கள். சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் அந்த உத்தரவுக்கு உயிர் கிடையாது.