303 றைபிள்: புதுப்பித்ததா, பழைய நிலையில் உள்ளதா, எதை வாங்குவது?

கேட்டவர் கிளிநொச்சியில் இருக்கிறார். கனடாவில் முறைப்படி துவக்கு உரிமம் எடுத்திருக்கும் தன் அண்ணருக்காகக் கேட்டிருக்கிறார். அண்ணர் இரண்டு 303 பார்த்து வைத்திருக்கிறார், இரண்டும் நாலாம் இலக்க லீ-என்பீல்ட், பிரித்தானியப் படையின் பழைய றைபிள். ஒன்று படைத் தொழிற்சாலையில் புதுப்பித்தது: மரம் புதிது, இரும்பு கன்னங்கரேல் என்றிருக்கிறது. மற்றது "ஒரிஜினல்" என்று விற்கப்படுகிறது: கீறல், எண்ணெய்க் கறை, விலையும் கூட. எதை எடுக்கச் சொல்லலாம்? ஊரில் காணி துப்புரவாக்கும்போது வெளியே வந்த பழைய துவக்கு ஒன்றின் பாகங்களை அனுப்பினால் உதவுமா? இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

சுடுவதற்கென்றால் படைத் தொழிற்சாலையில் புதுப்பித்தது. சேகரித்து வைப்பதற்கென்றால் பழைய நிலையில் உள்ளது. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை ஒன்று சந்தையில் நிறையக் கிடக்கிறது: வியாபாரி கொட்டிலில் வைத்து மினுக்கிய துவக்கு. பயப்பட வேண்டியது அதற்குத்தான். பெயின்ற் அடித்து நிற்கும் உழவு மெசினை வாங்கப் போகிற வன்னிக் கமக்காரர் பெயின்றைப் பார்த்து விலை பேசுவதில்லை; எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்ப்பார், புகையைப் பார்ப்பார். துவக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எந்தத் தொழிற்சாலைத் துவக்கு என்று பாருங்கோ. அண்ணர் ரொறன்ரோப் பக்கம் என்றால் அந்த நகரின் மேற்கு ஓரத்தில் இருந்த லோங் பிராஞ்ச் தொழிற்சாலையின் துவக்குகள்தான் அதிகம் கண்ணில் படும். 1941 முதல் போர் முடியும்வரை ஒன்பது இலட்சத்துக்கு மேல் அங்கே செய்தார்கள். அவற்றின் தொடர் இலக்கத்துக்குள் ‘எல்’ எழுத்து இருக்கும். அமெரிக்காவில் சவேஜ் கம்பனி செய்ததில் ‘சி’ இருக்கும். இந்த இரண்டு தொழிற்சாலைகளும் பெரும்பாலும் செய்தது "மார்க் 1 நட்சத்திரம்" என்ற வகை. போல்ட்டை (ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டை) கழற்றுவதற்காக, போல்ட்டின் தலை ஓடும் தண்டவாளத்தில் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். தேய்ந்த துவக்குகளில் அந்த வெட்டின் ஓரம் உடைந்து போகும். உடைந்தால், போல்ட்டை வேகமாக இழுக்கும்போது தலை தண்டவாளத்தை விட்டு வெளியே பாயும். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, அந்த ஓரத்தை டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சில்லு பெயர்ந்திருந்தால் அந்தத் துவக்கை விட்டுவிடச் சொல்லுங்கோ. அந்தத் தண்டவாளம் துவக்கின் உடலோடு (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு இரும்போடு) சேர்ந்த பகுதி, கழற்றி மாற்ற முடியாது.

படைத் தொழிற்சாலை புதுப்பித்ததற்கு இரும்பிலேயே சாட்சி இருக்கும். பிரித்தானிய வழக்கில் உடலின் இடப்பக்கம் "எஃப்டிஆர்" என்ற மூன்று எழுத்தும் ஆண்டும் மின்பேனையால் கீறியிருக்கும். துவக்கை முழுக்கக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, அளவு பார்த்து, சுட்டுச் சோதித்து அனுப்பியது என்று அர்த்தம். அந்த வேலையில் பல துவக்குகளுக்கு ஒரு திருத்தமும் செய்தார்கள். பழைய வடிவத்தில் விசை, கீழே உள்ள காப்புத் தகட்டில் தொங்கியது. மரம் காய்ந்து சுருங்கினாலோ ஈரத்தில் ஊதினாலோ தகடு அசையும், அதோடு விசையின் இழுப்பும் மாறும். புதுப்பித்தபோது விசையை உடலிலேயே தொங்க விட்டார்கள். மார்க் 1 இப்படி மாறினால் 1/2 என்றும், மார்க் 1 நட்சத்திரம் மாறினால் 1/3 என்றும் எழுதுவார்கள். சுடுகிறவருக்கு இது உண்மையான நன்மை. கன்னங்கரேல் என்று தெரிவது பாஸ்பேற்றுக்கு மேல் பூசிய கறுப்புப் பூச்சு; அழகில்லாவிட்டாலும் கறளைத் தடுக்கும்.

இலக்கங்கள் எல்லாம் ஒத்துப் போக வேண்டும். உடலில் பிடங்கு (தோளில் வைக்கும் பின்மரம்) செருகும் வளையத்தின் இடப்பக்கம், போல்ட் கைபிடியின் பின்பக்கம், முன்மரத்தின் நுனியில் அடிப்புறம், ரவைக்கூடு என்று பார்த்து வரலாம். பழைய இலக்கத்துக்குக் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் புதியதை அடித்திருந்தால் அது படையின் வழக்கம், குற்றமில்லை. பழைய இலக்கத்தை அராவி வழித்துவிட்டு, அந்தப் பள்ளத்துக்குள் புது இலக்கம் மினுங்கினால் யாரோ "ஒரிஜினல்" செய்திருக்கிறார்கள். ரவைக்கூட்டின் இலக்கம் மாறியிருப்பது பெரிய விசயமில்லை. போல்ட்டின் இலக்கம் மாறியிருப்பது பெரிய விசயம். போல்ட்டின் இரண்டு பூட்டுக் காதுகளும் அந்தந்த உடலுக்கென்று பொருத்தப்பட்டவை. வேறு போல்ட் போட்டால் ஒரு காதே முழு அடியையும் வாங்கக் கூடும். காதுகளின் பின்முகத்தில் மை பூசி மூடித் திறந்தால், இரண்டும் தொடுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது தலையிடைவெளி. இதை அளக்காமல் எந்தப் பழைய துவக்கையும் சுடக் கூடாது. 303 ரவை அடி விளிம்பில் உட்காருகிறது, ஆகவே இடைவெளி விளிம்புக்கும் போல்ட்டின் தலைக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு அளவுக் கட்டைகள் வேண்டும்: 0.064 அங்குலம், 0.074 அங்குலம். முதலாவதைப் போட்டால் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதைப் போட்டால் மூடக் கூடாது. இரண்டு விரலால் மட்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். பலத்தோடு அமத்தினால் எந்தப் போல்ட்டும் மூடும். 0.074 இலும் மூடினால் போல்ட்டின் தலையை மாற்றலாம், நாலாம் இலக்கத்துக்கு 0 முதல் 3 வரை நான்கு அளவில் தலைகள் உண்டு. ஏற்கனவே 3 போட்டிருந்து இன்னும் மூடுகிறதென்றால் திருத்த இடமில்லை. இடைவெளி கூடினால் கோது அடிப்பக்கம் இழுபட்டு, விளிம்புக்குச் சற்று மேலே இரண்டாக அறும். முன்துண்டு அறைக்குள்ளேயே நின்றுவிடும். சுட்ட கோதில் அந்த இடத்தில் பளிச்சென்ற வளையம் தெரிந்தால் கவனம். 303 இன் அறை இயல்பிலேயே சற்று அகலம் என்பதால், திரும்ப நிரப்பிய கோதுகளில் இடைவெளி சரியாக இருந்தும் இந்த வளையம் வரலாம். அதனால் வளையத்தை மட்டும் நம்பாமல் அளவுக் கட்டையால் தீர்மானிக்க வேண்டும்.

குழலுக்குள் பார்க்க, போல்ட்டை வெளியே எடுத்து, அறைப் பக்கம் வெள்ளைத் தாளை வைத்து வெளிச்சம் விட்டு, வாய்ப் பக்கத்தால் பார்க்கலாம். கருமையாக இருப்பது அழுக்காகவும் இருக்கலாம், அதைத் துடைத்துத் திரும்பப் பார்க்கலாம். வரியின் கரைகள் கூர்மையாக இருந்தால் சிறு குழிகள் இருந்தாலும் சுடும். ஓரிடத்தில் மட்டும் கரிய வளையம் தெரிந்தால் குழல் அங்கே ஊதியிருக்கிறது. அடைப்பு இருக்கும்போது சுட்டிருக்கிறார்கள். வேண்டாம். வாய்ப் பக்கம் ஒரு ரவையின் சன்ன நுனியை விட்டுப் பார்ப்பது பழைய வழி. கோதின் வாய்வரை சன்னம் உள்ளே போனால் அந்தக் குழலின் வாய் அகன்றுவிட்டது. பெரும்பாலும் சுட்டதால் அல்ல, துப்புரவுக் கயிற்றைக் கோணலாக இழுத்து இழுத்தே இது தேய்கிறது. லீ-என்பீல்ட் குழல்களின் வரிப்பள்ள அளவு 0.311 அங்குலத்திலிருந்து 0.315 அங்குலம்வரை போகும். சன்னம் 0.311 ஆகவும் பள்ளம் 0.315 ஆகவும் இருந்தால் எவ்வளவு நல்ல துவக்கும் குறி சிதறும். மிருதுவான ஈயக் குண்டொன்றைக் குழலால் தட்டி இறக்கி, நுண்ணளவியால் அளந்துவிட்டு ரவை வாங்க வேண்டும்.

மரத்தில் பலர் ஏமாறுகிறார்கள். முன்மரத்தின் பின்முனையில், உடல் வந்து முட்டும் இடத்தில் வெடிப்பிருக்கிறதா என்று பாருங்கோ. எண்ணெய் ஊறி அந்த இடம் மெதுவாகிப் போனால் ஒவ்வொரு வெடிக்கும் உடல் பின்னால் நகரும், குறி நிற்காது. நல்ல முன்மரம் குழலின் நுனியை ஒரு சில இறாத்தல் பலத்தோடு மேலே தாங்கும். குழலின் நுனியைக் கையால் மேலே தூக்கிவிட்டால் திரும்ப மரத்தில் வந்து உட்கார வேண்டும். ‘ஒரிஜினல்’ மரத்தை மணல்தாளால் தேய்த்தால் முத்திரைகள் போய்விடும், விலையும் போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த சீலையால் கிறீஸை எடுத்து, காய விட்டு, பச்சை ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசினால் போதும். அந்த எண்ணெய்ச் சீலையைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போட வேண்டும். முதலாம் இலக்க 303 கையில் வந்தால் இன்னொன்றும் உண்டு: முன்மரத்தைக் கழற்றாமல் பிடங்கின் நீள ஆணியைத் திருகக் கூடாது. ஆணியின் சதுர நுனி முன்மரத்துக்குள் பூட்டியிருக்கும், திருகினால் மரம் பிளக்கும்.

"டிபி" என்று அடித்திருக்கும் துவக்கை எந்த விலைக்கும் சுடுவதற்காக வாங்கக் கூடாது. அணிநடைப் பயிற்சிக்கென்று ஒதுக்கியவை அவை. சிலவற்றில் குழலில் துளையே போட்டிருப்பார்கள். கறுப்புப் பூச்சுக்குக் கீழே அந்த எழுத்து மறைந்திருக்கலாம், ஆகவே உடலையும் மரத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

ரவையைப் பற்றிச் சுருக்கமாக. பழைய படை ரவைகளின் தீமூட்டி பலவற்றில் பொட்டாசியம் குளோரேற்று உண்டு. சுட்ட பிறகு குழலில் உப்பாகத் தங்கும். மாரியில் ஆனையிறவு உப்பு மூட்டை எப்படிக் கசிகிறதோ அப்படியே ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் கறள் பிடிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. அன்றைக்கே கொதிதண்ணீரை அறைப் பக்கத்தால் ஊற்றி, துடைத்து, அதற்குப் பிறகுதான் எண்ணெய். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் வாயைப் பாதுகாப்பான பக்கம் நீட்டியபடி அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். பழைய ரவை பிந்தி வெடிக்கும்.

மற்ற நாட்டுத் துவக்குகளுக்கும் இதே கண் போதும். சோவியத் தொழிற்சாலைகள் போருக்குப் பிறகு புதுப்பித்த மொசின் என்ற ரஷ்ய றைபிள்களில் மினுங்கும் அரக்குப் பூச்சும் மின்பேனை இலக்கமும் இருக்கும். சிலவற்றின் வாயைச் சற்று உள்ளே கடைந்து தேய்வைத் தீர்த்திருப்பார்கள், அவை நன்றாகவே சுடும். சோவியத் கைப்பற்றிய ஜேர்மன் மவுசர்களில் ‘எக்ஸ்’ முத்திரை இருக்கும். அவற்றைக் கலந்து பூட்டியே வைத்தார்கள். அதை "இலக்கம் ஒத்தது" என்று யாராவது விற்றால் இலக்கத்தின் எழுத்துருவைப் பாருங்கோ.

அண்ணர் சொன்ன இரண்டில், எஃப்டிஆர் கீறலும் ஒத்த போல்ட்டும் இருந்தால் புதுப்பித்ததையே நான் எடுப்பேன். கூடிய விலை கொடுத்து மற்றதை எடுப்பதென்றால் போல்ட், உடல், முன்மரம் மூன்றும் ஒரே இலக்கமாகவும் மரம் தேய்க்கப்படாமலும் இருக்க வேண்டும். அப்படியில்லாவிட்டால் அது வெறும் அழுக்கான துவக்கு.

இனி காணியில் கிடைத்தது. பிடங்குத் தகடு பித்தளையாக இருந்தாலும், இரும்பு நல்லாய் இருப்பதாகத் தெரிந்தாலும், அதை எடுக்கவோ கழற்றவோ அனுப்பவோ வேண்டாம். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். அதைவிடப் பெரியது, வன்னி மண்ணில் துவக்கு புதைந்த இடத்தில் வேறென்ன புதைந்திருக்கிறது என்று மேலே இருந்து தெரியாது. அறைக்குள் ரவையும் இருக்கலாம். மண்வெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, நடந்து வந்த தடத்தாலேயே திரும்பி வாருங்கோ. தூரத்திலிருந்தே தெரியும்படி வழியில் தடி நட்டுச் சீலை கட்டுங்கோ, பிள்ளைகளையும் மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதேங்கோ, 119க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கோ.