குரூப் பாலிசி வழியாக அனுப்பிய மென்பொருள் சில கணினிகளில் மட்டும் நிறுவப்படாமல் நிற்பது ஏன்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: ஒரு எம்எஸ்ஐ தொகுப்பை (விண்டோஸ் மென்பொருளின் நிறுவல் கோப்பு), நிறுவனக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் குரூப் பாலிசியில் கணினிகளுக்கு அசைன் செய்திருக்கிறீர்கள். ஆய்வகத்தில் பாதிக் கணினிகளில் அது நிறுவப்பட்டுவிட்டது. மீதிக் கணினிகளில், பாலிசியைப் புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் கட்டளையை எத்தனை முறை கொடுத்தாலும் அசையவில்லை. தொகுப்பு இருக்கும் ஷேர் ஃபோல்டரை (நெட்வொர்க்கில் பகிர்ந்த கோப்புறை) உங்கள் கணக்கிலிருந்து திறந்தால் திறக்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவண்ட் வியூவரில் 1274 என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது. ஜிபிஓவை (குரூப் பாலிசி அமைப்புகள் அடங்கிய தொகுதி) அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், தயவுசெய்து ஜிபிஓவை அழிக்காதீர்கள். பாதிக் கணினிகளில் ஒழுங்காக வேலை செய்த பாலிசியில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. அதோடு, பாலிசியின் வரம்பிலிருந்து விலகினால் மென்பொருளை நீக்கிவிடு என்ற தேர்வை அந்தத் தொகுப்பில் டிக் செய்திருந்தால், நன்றாக இருக்கும் கணினிகளிலிருந்தும் அது நீங்கிவிடும். பிரச்சினை இரண்டு மடங்காகும். இந்த வேலையில் வருடக்கணக்காக இருக்கிறேன். அவசரத்தில் ஜிபிஓவை மாற்றி மாற்றிப் போட்ட இடங்களில்தான் சிக்கலைப் பிரித்தெடுக்க அதிக நேரம் ஆகிறது. பார்க்க வேண்டிய இடம் சர்வர் அல்ல, நிறுவப்படாத அந்தக் கணினி.

மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். கணினிக்கு அசைன் செய்த மென்பொருளைக் கணினியே நிறுவிக்கொள்கிறது. யாரும் உள்நுழையாத நேரத்தில், பூட் ஆகும்போது, சிஸ்டம் என்ற உள்கணக்கில் அந்த வேலை நடக்கிறது. நெட்வொர்க்கில் அது உங்கள் பெயரில் போவதில்லை. கணினியின் பெயரோடு டாலர் குறி சேர்ந்த கணக்கில் போகிறது. ஆகவே நிர்வாகி கணக்கில் உட்கார்ந்துகொண்டு ஷேரைத் திறந்து பார்ப்பது எதையும் நிரூபிக்காது.

இனி 1274. இந்த எண்ணைப் பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே, சீக்கிரம் உள்நுழைவுத் திரையைக் காட்டுவதற்காக, கிளையன்ட் கணினி நெட்வொர்க்குக்குக் காத்திருக்காமல் பாலிசியைப் பின்னணியில் படிக்கிறது. ஆனால் மென்பொருள் நிறுவலைப் பின்னணியில் செய்ய முடியாது. எனவே ‘அடுத்த முறை பூட் ஆகும்போது காத்திருந்து செய்’ என்று தனக்குத்தானே குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புதான் 1274. ஜிபிஅப்டேட்டை நூறு முறை கொடுத்தாலும் மென்பொருள் வராததற்கும், சில நேரங்களில் இரண்டு ரீஸ்டார்ட் தேவைப்படுவதற்கும் காரணம் இதுவே. ஒவ்வொரு பூட்டிலும் 1274 வருகிறது என்றால், அடுத்த முறையும் நெட்வொர்க் நேரத்துக்கு எழுந்திருக்கவில்லை என்று பொருள்.

உங்கள் ஆய்வகத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த நேரக் கணக்கைத்தான். நிறுவப்படாத கணினிகள் எல்லாம் புதியவையா, எஸ்எஸ்டி உள்ளவையா என்று பாருங்கள். ஸ்விட்சில் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுழல் உருவாகாமல் தடுக்கும் முறை) வழக்கமான அமைப்பில் இருந்தால், கேபிளில் உயிர் வந்த பிறகும் அந்த போர்ட் தரவைக் கடத்தத் தொடங்க ஏறத்தாழ 30 விநாடிகள் ஆகும். பழைய ஹார்ட் டிஸ்க் கணினி அந்த 30 விநாடிகளைப் பூட் ஆவதிலேயே கழித்துவிடும். எஸ்எஸ்டி கணினியோ அதற்குள் உள்நுழைவுத் திரைக்கு வந்து, டொமைன் கன்ட்ரோலர் (டொமைனின் கணக்குகளையும் பாலிசிகளையும் வைத்திருக்கும் சர்வர்) கிடைக்கவில்லை என்று முடிவும் கட்டிவிடும். சிஸ்டம் லாகில், டொமைன் கன்ட்ரோலரை அடைய முடியவில்லை என்று சொல்லும் நெட்லாகான் 5719, குரூப் பாலிசி 1129 ஆகிய இரண்டு பதிவுகளும் பூட் நேரத்தை ஒட்டி இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. கணினிகள் செருகப்பட்ட போர்ட்களில் மட்டும், அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட்டை இயக்கச் சொல்லுங்கள். கூடவே கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், லாகான் என்ற வழியில் போய், எப்போதும் நெட்வொர்க்குக்குக் காத்திரு என்று சொல்லும் பாலிசியை இயக்குங்கள். சிஸ்டத்தின் கீழேயே குரூப் பாலிசி என்ற பகுதியில், பூட் நேரத்தில் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்ற அமைப்பு இருக்கிறது; அதை 60 அல்லது 120 ஆக வையுங்கள்.

ஆய்வகங்களுக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்து மறுநாள் பவர் பொத்தானை அழுத்தினால் நடப்பது முழுமையான பூட் அல்ல. கெர்னல் உறங்கி எழுகிறது. பூட் நேரத்தில் நடக்க வேண்டிய பாலிசி வேலைகள் அப்போது நடக்காமல் போகலாம். மாணவர்கள் மாலையில் ஷட் டவுன் செய்துவிட்டுப் போவார்கள்; ரீஸ்டார்ட் யாரும் கொடுப்பதில்லை. வாரக்கணக்கில் அந்தக் கணினி உண்மையான பூட்டையே பார்த்திருக்காது. ஒரு கணினியில் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். அதில் மென்பொருள் வந்துவிட்டால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எல்லாவற்றிலும் நிறுத்திவிடலாம்.

கணினிப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸையும் பாருங்கள். இன்டர்நெட் சீக்கிரம் வரட்டும் என்று யாரோ இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 என்ற கூகுளின் பொது சர்வரைப் போட்டு வைத்திருப்பார்கள். டொமைனில் சேர்ந்த கணினியில் அதற்கு வேலையே இல்லை. உங்கள் டொமைன் கன்ட்ரோலரின் பெயர் அந்தப் பொது சர்வருக்குத் தெரியாது. உள் டிஎன்எஸ் மட்டுமே இருக்க வேண்டும்.

1274 மறைந்து 1612 வந்தால் ஒரு படி முன்னேறிவிட்டீர்கள். நிறுவ முயன்றது, ஆனால் மூலக் கோப்பு கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். இங்கேதான் கணினியின் கண்ணால் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் பிஎஸ்எக்செக் என்ற கருவி உண்டு. அதை எஸ் என்ற ஸ்விட்சுடன் ஓட்டி ஒரு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறங்கள். ஹூஆம்ஐ என்று கேட்டால் உங்கள் பெயருக்குப் பதில் என்டி அதாரிட்டி\சிஸ்டம் என்று வர வேண்டும். அந்தக் கருப்புத் திரையில் இருந்தபடியே எம்எஸ்ஐ இருக்கும் ஷேருக்கு டிஐஆர் கட்டளை கொடுங்கள். கோப்புப் பட்டியல் வந்தால் அனுமதி சரி. அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் ஷேர் அனுமதி, என்டிஎஃப்எஸ் அனுமதி (டிஸ்க்கில் உள்ள கோப்புறையின் அனுமதி) இரண்டிலும் டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்குப் படிக்கும் உரிமை கொடுங்கள். ஒன்றில் மட்டும் கொடுத்தால் போதாது. பாதை கிடைக்கவில்லை என்று வந்தால் மீண்டும் டிஎன்எஸ். ஷேர் இருப்பது டொமைனில் சேராத என்ஏஎஸ் பெட்டி (நெட்வொர்க் சேமிப்பகம்) என்றால் கணினிக் கணக்கை அதற்கு அடையாளமே தெரியாது. கோப்பை டொமைனில் உள்ள சர்வருக்கு மாற்றிவிடுங்கள்.

தொகுப்பைச் சேர்க்கும்போது சர்வரின் டி டிரைவ் பாதையைக் கொடுத்துவிடும் தவறு பரவலானது என்றாலும், அப்படி நடந்திருந்தால் உங்களுக்கு ஒரு கணினியில்கூட வந்திருக்காது. ஆகவே அதை விட்டுவிடலாம்.

பாலிசி கணினிக்கு வந்து சேர்கிறதா என்பதையே சில இடங்களில் சரிபார்க்க வேண்டியிருக்கும். நிர்வாகி உரிமையுள்ள கமாண்ட் ப்ராம்ப்டில், எந்தப் பாலிசிகள் வந்து சேர்ந்தன என்று காட்டும் ஜிபிரிசல்ட்டைக் கணினி ஸ்கோப்புக்கு மட்டும் ஓட்டுங்கள். உங்கள் ஜிபிஓவின் பெயரே பட்டியலில் இல்லை என்றால், புதிதாக டொமைனில் சேர்த்த கணினிகள் கம்ப்யூட்டர்ஸ் என்ற இயல்பான கன்டெய்னரிலேயே கிடக்கின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். அது ஓயூ (டொமைனில் கணினிகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) அல்ல. அதோடு ஜிபிஓவை இணைக்க முடியாது. வடிகட்டப்பட்டவற்றின் கீழே பெயர் இருந்தால் செக்யூரிட்டி ஃபில்டரையும் (பாலிசி யாருக்கு என்ற வரையறை) டபிள்யூஎம்ஐ ஃபில்டரையும் (கணினியின் தன்மையைப் பார்க்கும் நிபந்தனை) பாருங்கள். கணினியை இன்றுதான் ஒரு குழுவில் சேர்த்தீர்கள் என்றால், அதை ரீஸ்டார்ட் செய்யும் வரை அந்த உறுப்பினர் தகுதி அதற்குத் தெரியாது.

1603 வந்தால் குரூப் பாலிசி தன் வேலையை முடித்துவிட்டது. தகராறு எம்எஸ்ஐக்குள் இருக்கிறது. யாரோ கையால் நிறுவிய பழைய பதிப்பு குறுக்கே நிற்பது வழக்கமான காரணம். விண்டோஸ் இன்ஸ்டாலர் லாகிங் பாலிசியை இயக்கினால், விண்டோஸ் கோப்புறையின் டெம்ப் பகுதியில் எம்எஸ்ஐ என்று தொடங்கும் லாக் கோப்பு உருவாகும். ஆயிரக்கணக்கான வரிகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்பதற்கான ஆங்கிலத் தொடரைத் தேடுங்கள். உண்மையான காரணம் அதற்குச் சற்று மேலே இருக்கும்.

கடைசியாக ஒன்று. நிறுவப்பட்ட பிறகு யாராவது கன்ட்ரோல் பேனலில் போய் நீக்கியிருந்தால், நிறுவியாகிவிட்டது என்றே அந்தக் கணினி நினைத்துக்கொண்டிருக்கும். பிழையும் காட்டாது, நிறுவவும் செய்யாது. ஜிபிஓவில் அந்தத் தொகுப்புக்கு ரீடிப்ளாய் (மறுபடி நிறுவு என்ற தேர்வு) கொடுத்தால் சரியாகும், ஆனால் எல்லாக் கணினிகளிலும் மறுநிறுவல் ஓடி, காலை வகுப்பு நேரத்தில் ஆய்வகம் முழுவதும் காத்துக் கிடக்கும். ஓரிரு கணினிகளில் மட்டும்தான் சிக்கல் என்றால், அங்கே ரிஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷினின் கீழ், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட் வெர்ஷன், குரூப் பாலிசி, ஆப்எம்ஜிஎம்டி வரை போய், உங்கள் மென்பொருளின் பெயர் உள்ள உட்பகுதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு நீக்குங்கள். பிறகு ஒரு ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் வேண்டாம்.